மாந்தோப்பு பக்கியில் டர்போ: சில சீசன்கள் ஓட்டிய பிறகு

பர்கூர் பக்கம் எங்கள் மாந்தோப்பில் ஓடும் பக்கி, கரடுமுரடான நிலத்துக்கான சின்னத் திறந்த வண்டி; லேத் பட்டறையில் குழாய் வளைத்துக் கட்டியது. பின்னால் உட்கார்ந்திருப்பது மாருதி 800-ன் எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோல் பீய்ச்சும்) இன்ஜின்: 796 சிசி, மூன்று சிலிண்டர், கம்பெனி கணக்கில் 37 குதிரைத்திறன். சமதளத்தில் அது தாராளம். தோப்பை ஒட்டிய கரட்டில் இரண்டு பேரோடு ஏறும்போதுதான் திணறும். அதற்காக டர்போ போட்டோம்: இன்ஜின் புகை ஒரு சக்கரத்தை (டர்பைன்) சுழற்ற, அதே தண்டில் உள்ள இன்னொரு சக்கரம் (கம்ப்ரசர்) கூடுதல் காற்றை இன்ஜினுக்குள் அழுத்தும் கருவி அது. மாங்காய் சீசன்கள் சிலவற்றைப் பார்த்துவிட்ட வண்டி என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்: போட்டது சரிதான். ஆனால் நம் ஊரில் டர்போ நிலைப்பதும் போவதும் புழுதியையும் வெயிலையும் எண்ணெயையும் எப்படிப் பார்த்துக்கொள்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

டர்போவுக்கு அதிகம் அலைய வேண்டியதில்லை. 1.3 லிட்டர் டீசல் கார்களில் வந்த கேபி35 என்ற டர்போ பழைய சாமான் கடைகளில் கிடைக்கிறது. இந்தச் சின்ன இன்ஜினுக்கு அளவு பொருந்துகிறது; 2500 சுற்றைத் தாண்டியதும் இழுவை தெரிய ஆரம்பிக்கும். கவனிக்க வேண்டியது அதன் வேஸ்ட்கேட், அதாவது அளவுக்கு மீறிய புகையை டர்பைனைத் தொடாமல் வெளியேற்றும் கதவு. டீசலுக்காக வைத்த கெட்டி ஸ்பிரிங்கோடு அப்படியே மாட்டினால் பூஸ்ட் (வெளிக்காற்றுக்கு மேல் டர்போ ஏற்றும் அழுத்தம்) ஒரு பாருக்கு மேல் போய்விடும். நாங்கள் மெல்லிய ஸ்பிரிங் உள்ள ஆக்சுவேட்டர் (வேஸ்ட்கேட்டைத் திறக்கும் பாகம்) மாற்றி 0.4 பாரில் நிறுத்தினோம். அதற்கு மேல் ஏற்றும் ஆசை எனக்கு வரவில்லை. கரட்டில் இரண்டாவது கியரிலேயே வண்டி ஏறிவிடுகிறது, வேறென்ன வேண்டும்?

அசல் ஈசியூவை (பெட்ரோல் அளவையும் தீப்பொறி நேரத்தையும் கட்டுப்படுத்தும் கணினியை) வைத்துக்கொண்டு டர்போ போடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பூஸ்ட் ஏறும்போது எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்று அளக்க அதற்கு வழியில்லை. பெட்ரோல் குறைந்து, நாக்கிங் (கலவை நேரம் தவறித் தானாக வெடிப்பது) வந்து, பிஸ்டன் உருகுவதில் முடியும். நாமே ட்யூன் செய்யக்கூடிய ஸ்பீடுயினோ ஈசியூ, உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தை 2.5 பார் வரை படிக்கும் மேப் சென்சார், பெரிய இன்ஜெக்டர், புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் ஒரு வைட்பேண்ட் லாம்டா சென்சார், இவ்வளவும் வேண்டும். பங்கில் இப்போது வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் கலந்ததால் அதே காற்றுக்குக் கொஞ்சம் அதிகப் பெட்ரோல் கேட்கும். அதனால் காற்று-பெட்ரோல் விகித எண்ணைப் பார்க்காமல் லாம்டாவைப் பார்த்தே ட்யூன் செய்தோம். லாம்டா 1 என்றால் பெட்ரோல் சரியளவு, அதற்குக் கீழே போனால் பெட்ரோல் கூடுதல்; முழு பூஸ்டில் 0.82 அளவில் வைத்திருக்கிறோம். டீசலுக்குச் செய்த டர்பைன் பெட்ரோல் புகையின் சூட்டைத் தாங்குவதற்கும் இந்தக் கூடுதல் பெட்ரோல்தான் துணை.

வெயில் விஷயத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். வண்டிக்கு வேலை அதிகம் இருப்பது ஏப்ரல் முதல் ஜூலை வரை, அறுவடை நேரத்தில். 40 டிகிரி காற்றை 0.4 பாருக்கு அழுத்தினால், கம்ப்ரசரை விட்டு வெளியே வரும்போது கிட்டத்தட்ட 90 டிகிரி ஆகிவிடும். அந்தச் சூட்டோடு சிலிண்டருக்குள் போனால் நாக்கிங் நிச்சயம். சின்ன பூஸ்டுக்கு இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் ரேடியேட்டர்) எதற்கு என்று கேட்பவர்கள் ஒரு மே மாத மதியம் இங்கே ஓட்டிப் பார்க்கட்டும். காற்று சூடேறினால் இக்னிஷன் டைமிங் தானாகப் பின்வாங்கும்படி ஈசியூவிலும் வைத்திருக்கிறோம்.

புழுதிதான் எனக்குப் பெரிய கவலை. குவாரி லாரிகள் போகும் மண்ரோட்டில் பறப்பது வெறும் செம்மண் கிடையாது, கிரானைட் தூளும் சேர்ந்தது. லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் கம்ப்ரசர் வீலின் விளிம்பை அது அரம் போட்டதுபோலத் தேய்த்துவிடும். கடையில் கிடைக்கும் அலங்காரக் கூம்பு ஃபில்டர்கள் இங்கே உதவாது. டிராக்டரில் வரும், ஃபில்டருக்கு முன்பே கனமான மண்ணைப் பிரிக்கும் ப்ரீ கிளீனர் கிண்ணத்தை ரோல்கேஜ் (தலைக்கு மேலுள்ள பாதுகாப்புக் குழாய்க்கூடு) உயரத்துக்குத் தூக்கி வைத்து, அதற்குப் பின்னால் பெரிய பேப்பர் ஃபில்டர் போட்டோம். ஒரு நாள் ஓட்டத்தில் அந்தக் கிண்ணத்தில் சேரும் மண்ணைப் பார்த்தாலே போதும், அது எவ்வளவு வேலை செய்கிறது என்று புரியும். ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே உள்ள ஹோஸ் கிளாம்ப்பையும் விடாமல் பார்க்க வேண்டும். அங்கே தளர்ந்தால் புழுதி ஃபில்டரைத் தாண்டி நேராக உள்ளே போகும்.

எண்ணெய் விஷயத்தில் எனக்கு வழிகாட்டியவர் போர்வெல் லாரிகளுக்கு டர்போ பார்க்கும் ஒரு அண்ணன். "தம்பி, ரிட்டர்ன் எண்ணெய் தானா விழணும். எங்கேயும் தேங்கி நின்னுச்சுன்னா சீல் வழியா புகையாத்தான் வெளியே வரும்" என்றார். அவர் சொன்னபடி டர்போவை ஆயில் பேனுக்கு (இன்ஜின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டிக்கு) நன்றாக மேலே வைத்து, ரிட்டர்ன் பைப்பை அகலமாக, வளைவு தொங்கல் இல்லாமல் இறக்கினோம். செங்குத்தாக ஏறும்போது எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை இழுத்துவிடாமல் இருக்க, ஆயில் பேனுக்குள் தடுப்புத் தகடும் வைத்தோம். முழு சிந்தெடிக் எண்ணெய்தான் ஊற்றுகிறேன். கரட்டிலிருந்து இறங்கியதும் சாவியைத் திருப்பி அணைக்காமல் ஓரிரு நிமிடம் ஐடிலில் விடுகிறேன்; இல்லாவிட்டால் பேரிங்கில் நிற்கும் எண்ணெய் கருகிவிடும்.

செலவு இன்னும் முடியவில்லை. டர்போவின் எடை தொங்கியதால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் வெல்டிங்கில் விரிசல் விட்டது. ஓசூரில் கனமான குழாய் வைத்து டிக் வெல்டிங் செய்து, டர்போவுக்குத் தனித் தாங்கியும் கொடுத்த பிறகு தொந்தரவில்லை. கிளட்ச் வழுக்க ஆரம்பித்ததால் பிரஷர் பிளேட்டை மாற்றினோம். கியர்பாக்ஸ் இதுவரை சத்தம் போடவில்லை.

இந்தப் பக்கி தோப்பு வேலியைத் தாண்டாது. பதிவெண் உள்ள வண்டியில் இதைச் செய்ய வழி கேட்பவர்களிடம் வேண்டாம் என்றே சொல்கிறேன். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும்.

சொந்த நிலத்தில் ஓட்டுபவர்கள் சீசன் முடிந்ததும் டர்போவின் இன்டேக் ஹோஸைக் கழற்றி, ஷாஃப்ட் நுனியை விரலால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கலாம், இந்த வகை பேரிங்குக்கு அது இயல்பு. உள்ளே வெளியே ஆட்டம் கைக்குத் தெரிந்தாலோ, வீல் கூட்டில் உரசிய தடம் இருந்தாலோ, அடுத்த ஓட்டத்துக்கு முன்பே டர்போவை இறக்கிவிடுங்கள். வீல் உடைந்தால் அந்தத் துண்டு இன்ஜினுக்குள்தான் போகும்.