யாழ்தேவியும் உதயதேவியும்: மட்டக்களப்பிலிருந்து ஓர் ஒப்பீடு

1955 இல் இலங்கைப் புகையிரதப் பொது முகாமையாளராகப் பொறுப்பேற்ற பி. டி. ராம்பாலா, நெடுந்தூரக் கடுகதிகளுக்குப் பெயர் சூட்டிச் சேவையில் விட்ட வரிசையில் வடக்குக்கு யாழ்தேவியும் கிழக்குக்கு உதயதேவியும் கிடைத்தன. கொழும்புக் கோட்டையிலிருந்து மாகோச் சந்தி வரை இரண்டுக்கும் பாதை ஒன்றே. ஆனால் நாட்டின் நினைவில் இரண்டுக்கும் கிடைத்த இடம் ஒன்றல்ல.

1956 ஏப்ரல் 23 இல் தொடங்கிய யாழ்தேவி, 1990 ஜூனுக்குப் பின் யாழ்ப்பாணம் செல்ல முடியாமல் நின்றது. பெயர் மட்டும் வவுனியா வரையான சேவையில் தொடர்ந்தது. இந்தியக் கடனுதவியில் இர்கொன் நிறுவனம் தண்டவாளங்களைப் புதிதாக அமைத்த பின், 2014 ஒக்டோபர் 13 இல் அது மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தபோது நாடே அதைப் பேசியது. அது நியாயமான கொண்டாட்டம்தான்.

எங்கள் பாதையும் போரில் துண்டிக்கப்பட்டதே. 1928 இல் மட்டக்களப்பை எட்டிய பாதையில், யுத்தநிறுத்தக் காலமான 2003 இல் புகையிரதம் மீண்டும் வந்தது. ஆனால் வடக்குக்குக் கிடைத்த அளவிலான மறுநிர்மாணம் இங்கு நடைபெறவில்லை. அதனால், யாழ்ப்பாணத்தைவிட மட்டக்களப்பு கொழும்புக்கு அண்மையில் இருந்தும், உதயதேவியில் வருபவருக்குப் பகற்பொழுதின் பெரும்பகுதி பயணத்திலேயே கழிகிறது. கல்ஓயாவுக்கும் மின்னேரியாவுக்கும் இடைப்பட்ட யானைக் காட்டில் வேகம் கட்டுப்படுத்தப்படுவதை நான் குறை கூறமாட்டேன். 2025 பெப்ரவரியில் எங்கள் இரவுக் கடுகதியான மீனகயா மோதி ஆறு யானைகள் இறந்ததை அறிந்த எவரும் அங்கே விரைவைக் கேட்கத் துணியமாட்டார். நான் கேட்பது, காடு கடந்த பின் மன்னம்பிட்டி, புனானை, வாழைச்சேனை வழியாக வரும் பகுதியையேனும் வடக்குப் பாதையின் தரத்துக்கு உயர்த்த வேண்டும் என்பதே.

இறுதி நிலையங்களை ஒப்பிட்டால் இடைவெளி இன்னும் பெரிது. 2015 ஜனவரியில் வடக்குப் பாதை காங்கேசன்துறைக் கடற்கரை வரை மீண்டும் நீண்டது. உதயதேவியின் பாதையோ மட்டக்களப்பிலேயே முடிகிறது. அம்பாறை மாவட்டத்தில் பயணிகள் புகையிரதமே கிடையாது. கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ இருப்பவர் பேருந்தில் மட்டக்களப்புக்கு வந்து புகையிரதம் ஏறுவதைவிட, இரவு பேருந்தில் நேரே கொழும்புக்குச் செல்வதையே எளிதாகக் கருதுகிறார். பெயரின் பழமையையும் பயணத்தின் வசதியையும் விரும்பும் எனக்கே அவரிடம் மறுத்துச் சொல்ல வலுவான காரணம் கிடைப்பதில்லை.