வேலை அழுத்தத்தால் நோயுற்றவர்களுக்கான உதவி மையம், தண்டையார்பேட்டை: எங்கள் அனுபவம்

என் கணவர் மணலி பக்கத்தில் ஒரு கன்டெய்னர் யார்டில் ஒன்பது ஆண்டுகள் ஷிப்ட் சூப்பர்வைசராக வேலை பார்த்தவர். 2022 இறுதியில் ஆட்களைக் குறைத்தபோது இரண்டு பேரின் வேலை அவர் தலையில் விழுந்தது. டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கும் இரவுகளில் கேட்டில் டிரைவர்களும் போனில் அலுவலகமும் ஒரே நேரத்தில் அவரைத் திட்டுவார்கள். வீடு திரும்பிய பிறகும் கன்டெய்னர் எண்களை முணுமுணுத்தபடி விடியும்வரை விழித்திருப்பார். 2023 கோடையில் ஒருநாள், சீருடை அணிந்து ஒரு காலில் மட்டும் ஷூ மாட்டியவர், மற்றொன்றைக் கையில் வைத்தபடி வாசற்படியிலேயே இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். அன்றுதான் அவரை ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனேன்.

இழப்பீடு கேட்கலாம் என்று யாரோ சொன்னதை நம்பி, முதலில் ஒரு தரகரிடம் 5,000 ரூபாய் கொடுத்து மூன்று மாதங்களை வீணாக்கினோம். அதன் பிறகே, தொழிற்சங்கம் ஒன்று தண்டையார்பேட்டையில் கட்டணமின்றி நடத்தும் இந்த உதவி மையத்துக்குச் சென்றோம்.

அங்கிருந்த பெரியவர் கதை கேட்பதற்கு முன்பே சம்பளச் சீட்டைக் கேட்டார். 18,500 ரூபாய்ச் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் 139 ரூபாய் என்றிருந்த வரியின்மேல் விரலை வைத்து, "அம்மா, உங்களுக்கு வழி இதுதான்" என்றார். இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவர், பணியில் ஏற்பட்ட பாதிப்புக்காக, அன்று நடைமுறையில் இருந்த 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ்த் தனியாகப் பணம் கோர முடியாது என்பதையும், சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் மன அழுத்தம் இடம்பெறவில்லை என்பதையும் அவர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். மாரடைப்பு வழக்குகளில்கூட, பணியின்போது இறந்தார் என்பது மட்டும் போதாது, வேலைப்பளுவுக்கும் சாவுக்கும் உள்ள தொடர்பை நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதை விளக்கினார். கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. ஆனால் மூன்று மாதங்களாக எங்களிடம் யாரும் சொல்லாத உண்மை அது.

அடுத்து அவர் காட்டிய வழிதான் எங்கள் வீட்டில் அடுப்பெரியச் செய்தது. சாதாரண நோய்க்கால உதவி, சம்பளத்தில் 70 விழுக்காடாக, ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும். நீண்டகால நோய்கள் 34 அடங்கிய இன்னொரு பட்டியலில் சில வகை மனச்சோர்வும் உண்டு. சிறப்பு மருத்துவர் அவ்வாறு சான்றளித்து, இரண்டு ஆண்டுப் பணியும் அக்காலத்தில் 156 நாட்களுக்கு இ.எஸ்.ஐ. சந்தாவும் இருந்தால், அந்த 91 நாட்களுக்குப் பிறகு 80 விழுக்காடு வீதம் தொடர்ந்து பெறலாம். இந்த உதவியைப் பெறும் காலத்தில் நினைத்தபடி வேலையைவிட்டு நீக்கவும் அன்றைய சட்டம் தடை விதித்திருந்தது. நிர்வாகம் ராஜினாமா கடிதம் கேட்டு நெருக்கிக்கொண்டிருந்த நேரத்தில், இந்தத் தடையைச் சொல்லும், அன்று நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73ஆம் பிரிவைக் குறிப்பிட்டு அவர்கள் எழுதிக் கொடுத்த ஒரு பக்கக் கடிதம் அந்த நெருக்கடியை நிறுத்தியது.

குறைகளும் உண்டு. மையம் மாலையில் மட்டுமே இயங்குவதால் கூட்டம் அதிகம். ஒருமுறை இரவு ஒன்பது மணி வரை நின்றோம். உள்ளே ஒரே அறைதான். மனநோய் பற்றிய பேச்சைப் பின்னால் நிற்பவர்கள் அனைவரும் கேட்க நேர்கிறது. என் கணவர் தலையைக் குனிந்தபடியே பேசினார். ஒரு தடுப்புத் திரையாவது கட்டும்படி கேட்டேன். ஆவன செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மருத்துவச் சான்றுக்கும் அடுத்த சான்றுக்கும் இடையே நாள் இடைவெளி விழக்கூடாது என்பதையும் முதல் நாளிலேயே அழுத்திச் சொல்லியிருக்கலாம். நாங்கள் பதினொரு நாள் தவறவிட்டு, அந்த நாட்களுக்கான தொகையை இழந்தோம்.

இங்கே செல்பவர்கள் சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. எண், மருத்துவர் எழுதிய எல்லாத் தாள்கள் ஆகியவற்றைத் தேதி வாரியாக அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். தரகர் யாராவது முன்பணம் கேட்டால், கொடுப்பதற்கு முன் இந்த மையத்துக்கு ஒருமுறை வந்துவிடுங்கள்.