போணக்காட்டுக்கு "பாஸ் எடுத்துத் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் பணம் அனுப்பாதீர்கள்

திருவனந்தபுரத்திலிருந்து 60 கிலோமீட்டர் சொச்சம் தள்ளி, அகத்தியமலைக்குக் கீழே, போணக்காடு என்று ஒரு தேயிலை எஸ்டேட் ஊர் இருக்கிறது. நெடுமங்காடு, விதுரா தாண்டி மேலே ஏற வேண்டும். அங்கே கூட்டிப் போகிறேன் என்று சொன்ன ஒரு ஆளிடம் போன அக்டோபரில் 11,400 ரூபாய் ஏமாந்தோம். பணம் போனதைவிட, 70 வயது அப்பாவை மழையில் செக்போஸ்ட் வாசலில் நிற்க வைத்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதே விளம்பரம் இப்போதும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதனால் நடந்ததை முழுசாக எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது அந்த எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில். தாத்தா அம்பாசமுத்திரம் பக்கமிருந்து கவாத்து வேலைக்கு, தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற வேலைக்குப் போனவர். பாட்டி கொழுந்து பறித்தவர். அப்பாவுக்கு ஒன்பது வயதாகும்போது குடும்பம் மலையிறங்கி நாகர்கோவில் வந்துவிட்டது. அதற்கப்புறம் அவர் அந்தப் பக்கம் போகவே இல்லை. இப்போது சர்க்கரை, முட்டிவலி எல்லாம் வந்த பிறகு, "மக்களே, அந்த ஃபேக்டரிய ஒரு தடவ பாத்துட்டு வந்துருவமா" என்று கேட்க ஆரம்பித்தார். ஒரு நாள் கேட்டுவிட்டு விடவில்லை, மாதக்கணக்கில் கேட்டார்.

அந்த நேரத்தில்தான் முகநூலில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. "ஆளில்லாத பேய் கிராமம். ஜீப் சவாரி, மலைமேல் ஒரு இரவு தங்கல், வனத்துறை அனுமதி எங்கள் பொறுப்பு." கூடவே கண்ணாடி உடைந்த ஜன்னலோடு ஒரு கல்வீட்டுப் படம். அங்கே 25 ஜி.பி. பங்களா என்று வெள்ளைக்காரன் காலத்து வீடு ஒன்று உண்டு. மேனேஜரின் சின்ன மகள் அங்கே இறந்துபோனாள், இப்போதும் நடமாடுகிறாள் என்று யாரோ கட்டிவிட்ட கதையை இணையத்தில் ஆயிரம் பேர் காணொளி போட்டிருக்கிறார்கள். எனக்கு அந்தப் பேய்ப் பேச்சு பிடிக்கவில்லை. ஆனால் காட்டுக்குள் போக அனுமதி வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தேன், அதை எப்படி வாங்குவது என்று தெரியவில்லை. அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

போனில் பேசியவர் நல்ல தமிழ் பேசினார். "அக்கா, நீங்க கவலையே படாதீங்க, அப்பாவ பூ மாதிரி கூட்டிட்டுப் போய் கூட்டிட்டு வந்துருவோம்" என்றார். ஆளுக்கு 1,500 வீதம் எங்கள் மூன்று பேருக்கு அனுமதிக் கட்டணம் 4,500, ஜீப் 3,900, தங்கல் 3,000. முன்பணமாக 8,000 ஜிபே பண்ணச் சொன்னார். அனுப்பும்போது திரையில் வேறு யாரோ ஒரு பெண்ணின் பெயர் வந்தது. கேட்டதற்கு, "வீட்டுக்காரி நம்பர்தான்க்கா" என்றார். சரி என்று அனுப்பிவிட்டேன். அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

இரண்டு நாளில் வாட்ஸ்அப்பில் பாஸ் வந்தது. கேரள வனத்துறை முத்திரை, எங்கள் மூன்று பேர் பெயர், தேதி எல்லாம் இருந்தது. நான் பெயரையும் தேதியையும் மட்டும் பார்த்துவிட்டு மூடிவைத்தேன்.

விதுராவில் ஜீப் ஏறினோம். பொன்முடிக்குப் போகிற பாதை ஒரு பக்கம் பிரிய, போணக்காட்டுப் பாதை இன்னொரு பக்கம் காட்டுக்குள் போகிறது. அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, இங்கே ஒரு ஓடை வரும், அங்கே ஒரு வளைவு வரும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். காணித்தடம் செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தினார்கள். காவலர் என் போனை வாங்கி, இரண்டு விரலால் பெரிதாக்கி, மெதுவாக ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். அப்புறம் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அப்பா பெயருக்கு நேரே வயது 34 என்று இருந்தது. எங்கள் பெயர்களின் எழுத்து மட்டும் மற்ற எழுத்தைவிடக் கொஞ்சம் தடித்திருந்தது. இடம் என்கிற கட்டத்தில் "அதிருமலை" என்று போட்டிருந்தது.

"சேச்சி, இது அகஸ்தியார்கூடம் பாஸ். இப்போ சீசனே இல்லல்லோ" என்றார்.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஆட்கள் பிழைப்பதே இந்தக் குழப்பத்தில்தான். அகஸ்தியார்கூடம் 1,868 மீட்டர் உயரச் சிகரம். அந்த மலையேற்றம் போணக்காட்டிலிருந்துதான் தொடங்குகிறது. அதிருமலை முகாமில் தங்கி, ஏறி, இறங்க மூன்று நாள் ஆகும். ஜனவரி நடுவில் தொடங்கி மகாசிவராத்திரியையொட்டி முடிகிற வருடாந்தர சீசனுக்கு வனத்துறையே ஆன்லைனில் பதிவு திறக்கும். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு, திறந்த கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். அடையாள அட்டை, மருத்துவச் சான்று எல்லாம் கேட்பார்கள். ஒருவர் பெயரில் எடுத்ததில் இன்னொருவர் போக முடியாது. 2018 நவம்பரில் வந்த கேரள உயர்நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, 2019 ஜனவரியிலிருந்து பெண்களும் ஏறுகிறார்கள். முதல்முறை போக ஆசைப்படுகிற பெண்களும், அகத்தியரைக் கும்பிடப் போகிற நம் ஊர்க்காரர்களும் பாஸ் கிடைக்காமல் தேடும்போது இந்த மாதிரி ஆட்களிடம்தான் போய் விழுகிறார்கள். யாரோ எப்போதோ எடுத்த பாஸில் எங்கள் பெயரைத் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறார் அந்த மனிதர். வயதை மாற்றக்கூட மெனக்கெடவில்லை.

மத்தியான மழை பிடித்துக்கொண்டது. ஏற்பாடு செய்த ஆளுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. டிரைவரோ, "எனக்கு ஒண்ணும் தெரியாது, மீதி 3,400 கொடுத்தாத்தான் வண்டிய எடுப்பேன்" என்று சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சுற்றிலும் காடு. அப்பா சாப்பிட வேண்டிய நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்ததைப் பார்த்ததும் நான் வாக்குவாதத்தை விட்டுவிட்டுப் பணத்தைக் கொடுத்தேன். காவலர்தான் உள்ளே உட்காரவைத்துக் கட்டன்சாயாவும் பிஸ்கட்டும் கொடுத்தார். விதுரா முக்கில் எங்களை இறக்கிவிட்டு ஜீப் போய்விட்டது. மலைமேல் தங்கல் என்று ஒன்று இருக்கவே இல்லை. அன்று ராத்திரி விதுராவிலேயே ஒரு அறை எடுத்தோம். அப்பா எதுவும் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஊருக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். காலையில் டீக்கடைக்காரர் கதையைக் கேட்டுவிட்டு, "அதுக்கு எதுக்கு ஜீப்பு, நம்ம கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் போகுதே" என்றார். உண்மைதான். போணக்காடு என்று பலகை போட்ட அரசுப் பேருந்து அந்த ஊர் ஜனங்களுக்காகவே ஓடுகிறது. செக்போஸ்ட்டில் அதே காவலர். அப்பா பிறந்த ஊர், பழைய ஆட்களைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று சொன்னதும், எங்கள் ஆதாரைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு, அதே பஸ்ஸில் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லி உள்ளே போக விட்டார். எல்லாரையும் இப்படி விடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. காட்டு வழி, யானையும் காட்டெருமையும் நடமாடுகிற இடம், நிலவரம் மாறிக்கொண்டே இருக்கும். திருவனந்தபுரம் பி.டி.பி. நகரில் வனவிலங்குக் காப்பாளர் அலுவலகம் இருக்கிறது. அங்கே கேட்டுவிட்டுப் போங்கள்.

மேலே ஃபேக்டரி மூடிக் கிடக்கிறது. தகரம் துருப்பிடித்து, உள்ளே செடி முளைத்து, இயந்திரங்கள் அப்படியே நிற்கின்றன. அப்பா கதவுக்கு வெளியே நின்று வாசனை வருகிறதா என்று பார்த்தார். தேயிலை வறுபடும் வாசனை அந்தக் காலத்தில் லயம் வரைக்கும் வருமாம்.

லயங்களில் ஆட்கள் இருக்கிறார்கள். எஸ்டேட் முடங்கிய பிறகும் போக்கிடம் இல்லாமல் தங்கிவிட்ட குடும்பங்கள், எல்லாம் நம் தமிழ் பேசுகிறவர்கள். எண்பது வயது இருக்கும் ஒரு பாட்டி, அப்பாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ யாரு மவன்?" என்று கேட்டார். தாத்தா பெயரைச் சொன்னதும், "கவாத்துக்காரன் மவனா! ஓடைல வுழுந்து பல்ல ஒடச்சுக்கிட்டவன்தான நீ?" என்றார். அப்பா வாயைத் திறந்து அந்தப் பல்லைக் காட்டினார். எங்களை உட்காரவைத்து, வீட்டுப் பின்னால் தானாக வளர்ந்து நிற்கிற தேயிலைச் செடியில் கொழுந்து கிள்ளி, கையால் கசக்கி அப்பா உள்ளங்கையில் வைத்தார்.

அந்தப் பாட்டிக்கு இந்த ஜீப்காரர்கள் மேல் அவ்வளவு கோபம். ராத்திரி வந்து டார்ச் அடிக்கிறார்களாம். "குடியிருக்குற வீட்ட பேய் வீடுன்னு போட்டோ புடிக்கான், நாங்க என்ன செத்தா போயிட்டோம்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

நீங்கள் இப்படி ஏமாந்திருந்தால் தள்ளிப்போடாமல் உடனே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள், இணையவழிப் பணமோசடிக்கு நாடு முழுக்க அதுதான். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போவதற்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க வாய்ப்பு. நான் ஊருக்கு வந்து மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டேன். அதற்குள் அந்தக் கணக்கில் ஒன்றும் இல்லை. பரிவர்த்தனை எண், வாட்ஸ்அப் பேச்சு, அந்தப் போலி பாஸ் மூன்றையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன், புகார் எண்ணும் இருக்கிறது.

முந்தாநாள் அந்த விளம்பரம் வேறு பெயரில், புது போன் நம்பரோடு மறுபடி வந்திருந்தது. படத்தை இந்த முறை பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த உடைந்த ஜன்னல் பாட்டியின் வீட்டு ஜன்னல்தான். ஓரத்தில், கொடியில் காய்கிற அவருடைய சேலை பாதி தெரிகிறது.