தேடு கருவிக்குக் கையேடு: வேர்டு கோப்பில் எழுதுவதா, நிரலோடு சேர்த்தே எழுதுவதா?

பாலக்காட்டில் ஒரு மருந்து ஆய்வுப் பிரிவில் தரவு வேலை பார்க்கிறேன்; வீடு கொழிஞ்சாம்பாறை. எங்கள் பிரிவில் ஒரு சின்னத் தேடு கருவி இருக்கிறது, ஆர் என்ற நிரல் மொழியில் நான் எழுதியது. லேப் ரிப்போர்ட்டில் உள்ள எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் பரிசோதனையின் பெயரைத் தட்டினால், மருந்து ஆய்வுத் தரவுக்கான பொதுச் சொற்களைத் தொகுத்த சிடிஸ்க் பட்டியலில் அதற்குரிய சொல் ஏஎல்டி என்று காட்டும். வெள்ளை அணுக்களைத் தேடினால் முழுப்பெயராக லூக்கோசைட்ஸ் என்று வரும். 2016 டிசம்பர் 17-க்குப் பிறகு தொடங்கிய ஆய்வு, மருந்து அனுமதிக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவிடம் போவதென்றால், அதன் தரவு இந்தச் சொற்களில்தான் இருக்க வேண்டும். அதனால் கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்ற குறிப்பில் பிழை வந்தால், அது நேரே தரவுக்குள் போய்விடும்.

மூன்று வழிகளில் கையேடு வைத்துப் பார்த்துவிட்டோம். கூகுள் ஷீட் இரண்டு மாதம் தாங்கியது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதே அதன் வசதி, அதுவே அதன் கேடு. அதை விட்டுவிடலாம். உண்மையான போட்டி வேர்டு கோப்புக்கும், விளக்கத்தையும் ஆர் நிரலையும் ஒரே கோப்பில் சேர்த்து எழுதும் ஆர் மார்க்டவுன் பக்கத்துக்கும்தான்.

வேர்டின் நன்மைகளைச் சொல்ல அதிக நேரம் வேண்டாம். எல்லோருக்கும் திறக்கத் தெரியும், அச்செடுக்கலாம், கையெழுத்துப் போட்டு ஃபைலில் வைக்கலாம். தணிக்கைக்கு வருகிறவர்கள் கேட்பதும் அப்படி ஒரு தாளைத்தான்.

எனக்கு முடிவைத் தந்தது பராமரிப்பு. சிடிஸ்க் சொற்களை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் சொற்பிரிவு வருடத்துக்கு நான்கு முறை, காலாண்டுக் கடைசியில் வெளியிடுகிறது. ஒவ்வொரு கருத்துக்கும் சி என்று தொடங்கும் எண் உண்டு. பாலினப் பட்டியலின் எண் சி66731, ஆண் என்பதற்கு சி20197. எண் அப்படியே இருக்கும், ஆனால் அதற்கான சொல் மாறலாம். சி45908-க்கு முன்பு 'அன்டிஃபரன்ஷியேட்டட்' என்று இருந்தது, பிறகு 'இன்டர்செக்ஸ்' ஆனது. என் வேர்டு கையேட்டின் ஏழாம் பக்கத்தில் பழைய சொல்லோடு கருவியின் திரையைப் படமெடுத்து ஒட்டியிருந்தேன். கருவியில் பட்டியலை மாற்றினேன், அந்தப் படத்தை மாற்றவில்லை.

புதிதாகச் சேர்ந்த பெண் அந்தப் பக்கத்தைப் பார்த்தே ஒரு ஆய்வின் குறிப்பில் பழைய சொல்லை எழுதிவிட்டார். அந்த ஆய்வுக்குத் தேர்ந்திருந்ததோ புதிய வெளியீடு. தரவு சரிபார்ப்பில் பிழை வந்தபோது, "சேச்சி, கையேட்டுல இப்படித்தானே போட்டிருக்கு" என்று என்னிடம் கொண்டுவந்து காட்டினார். அவர் மேல் தப்பே இல்லை. அதே சொல், பழைய வெளியீட்டோடு தொடங்கிய இன்னொரு ஆய்வில் சரியாகவே இருக்கும். ஆக, ஒரு விடையைக் காட்டினால் போதாது, அது எந்தத் தேதி வெளியீட்டின் விடை என்பதையும் கையேடு ஒவ்வொரு இடத்திலும் சொல்லியாக வேண்டும். நாற்பது படங்கள் உள்ள வேர்டு கோப்பில் இதைக் காலாண்டுக்கு ஒருமுறை கையால் செய்வது நடக்கிற காரியம் இல்லை. இரண்டு வெளியீடுகள் செய்து பார்த்தேன், ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை நாள் போனது.

ஆர் மார்க்டவுனில் நான் எடுத்துக்காட்டின் விடையை எழுதுவதே இல்லை, கேள்வியை மட்டும்தான் எழுதுகிறேன். பக்கத்தை உருவாக்கும்போது கருவி ஓடி, அன்றைய பட்டியலிலிருந்து விடையை அந்த இடத்தில் வைக்கிறது, வெளியீட்டுத் தேதியோடு. எடுத்துக்காட்டில் உள்ள சொல் பட்டியலில் இல்லாமல் போனால் பக்கம் உருவாகாமல் நின்றுவிடும்படி வைத்திருக்கிறேன். இந்த நிற்றல்தான் எனக்கு மிகவும் பிடித்தது. வேர்டு கோப்பு தப்பாக இருந்தாலும் வாயே திறக்காது. அப்புறம், பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் ஒப்பிட்டு மாறிய வரிகளை மட்டும் வாசிக்க இப்போது அரை மணி நேரம்தான் ஆகிறது.

எதிர்பாராத ஒரு நன்மையும் உண்டு. எங்கள் ஊர்ப் பக்கம் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் படித்தவர்கள் நிறைய. தமிழில் நீளமாக விளக்கம் எழுதினால் அவர்களுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கேள்வி, விடை, கேள்வி, விடை என்று போகும் பக்கம் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் புரிகிறது.

ஆனால் ஒரு பகுதியைக் கருவியால் எழுத முடியாது. தேடிய சொல் கிடைக்காவிட்டால் என்ன செய்வது? பாலினப் பட்டியல் மூடியது, அதில் நாமாக எதையும் சேர்க்கக் கூடாது. அளவலகுப் பட்டியல் திறந்தது, இணைச்சொற்களையும் பார்த்து, இல்லை என்று உறுதியான பிறகு நம் சொல்லைச் சேர்க்கலாம். இந்தக் காரணகாரியத்தை நான் கையால்தான் எழுதியிருக்கிறேன். இது காலாண்டுக்குக் காலாண்டு மாறுவதும் இல்லை.

நான் சொல்வது நான்கு பேர் பயன்படுத்தும் ஒரே ஒரு கருவியை வைத்து, அதுவும் ஆறு வெளியீட்டு அனுபவத்தில். தரக்கட்டுப்பாட்டுக்குத் தனிப் பிரிவே உள்ள பெரிய நிறுவனத்தில் நான் வேலை பார்த்ததில்லை. அங்கே கையெழுத்து முறை எங்களுடையதைவிடக் கடுமையாக இருந்தால் வேர்டு பக்கம் தராசு சாயலாம். குழுவில் ஆர் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லையென்றாலும் வேர்டுதான் சரி, ஏனென்றால் பக்கம் நின்றுபோனால் ஓட்டிவிட ஆள் வேண்டும். நான் விடுப்பில் போன வாரம் ஒன்றில் இங்கேயே அது நடந்தது. அதற்குப் பிறகுதான் இன்னொருவருக்கும் கற்றுக்கொடுத்தேன்.

வேர்டை முழுக்கத் தூக்கிப் போடவும் இல்லை. உருவான பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்கி, கையெழுத்து வாங்கி, வெளியீட்டுத் தேதியையே கோப்பின் பெயராக வைத்துச் சேமிக்கிறோம். வேர்டில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு பக்கம்: கருவியைக் கணினியில் நிறுவும் முறையும், பக்கம் நின்றால் கூப்பிட வேண்டிய இருவரின் பெயரும்.