ஹோம் தியேட்டர் பொருத்துபவரிடம் முழுத் தொகையையும் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

எங்கள் வீட்டில் 5.1 ஹோம் தியேட்டரைப் பொருத்தித் தந்தவர், செய்யாத வேலைக்குப் பணம் வாங்கியதோடு நில்லாமல், பழுதே இல்லாத ஏவி ரிசீவரை (டிவியின் ஒலியை வாங்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் கருவி) மாற்றச் சொல்லி மேலும் பணம் பறிக்கவும் பார்த்தார். வேறு யாரும் இப்படி ஏமாறக் கூடாது என்பதற்காக நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

வேலை முடிந்ததும் அவர் ஒரு பாடலை ஒலிக்கவிட்டுக் காட்டினார். ஐந்து ஸ்பீக்கர்களும், தாழ்ந்த ஒலிகளுக்கான சப்வூஃபரும் ஒருசேர முழங்கியதால் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றியது. படம் பார்க்க உட்கார்ந்தபோதுதான், திரையில் பேசுபவரின் குரல் முதுகுக்குப் பின்னாலிருந்தும் அதே அளவில் வருவது தெரிந்தது. ரிசீவரை அவர் ‘ஆல் சேனல் ஸ்டீரியோ’ முறையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். இரண்டே சேனல்களில் வரும் ஒலியை எல்லா ஸ்பீக்கர்களுக்கும் பகிர்ந்து கொடுக்கும் இந்த முறையில் பாட்டு கேட்கலாம்; ஆனால் அது, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனி ஒலி வரும் சரவுண்ட் ஒலி ஆகாது.

அவரைத் திரும்ப அழைத்துக் கேட்டபோது, ரிசீவரில் 5.1 ஒலியைப் பிரித்தெடுக்கும் டிகோடர் போர்டு போய்விட்டது, புதிய ரிசீவர்தான் வாங்க வேண்டும் என்றும், பேஸ் (தாழ்ந்த ஒலி) குறைவாக இருப்பதற்கு இன்னும் பெரிய சப்வூஃபர் தேவை என்றும் சொன்னார். அவர் சொன்ன இரண்டுமே பொய்.

வேறொரு டெக்னீஷியன் வந்து முதலில் பார்த்தது ரிசீவரின் முகப்புத் திரையைத்தான். உள்ளே வரும் ஒலி பிசிஎம் ஸ்டீரியோ, அதாவது இரண்டே சேனல் ஒலி, என்று அங்கேயே தெரிந்தது. டிவியின் டிஜிட்டல் ஒலி அமைப்பு பிசிஎம் என்று இருந்ததால், படத்தில் 5.1 ஒலி இருந்தும் டிவியே அதை இரண்டு சேனல்களாகச் சுருக்கி ஆப்டிகல் கேபிள் வழியே அனுப்பிக்கொண்டிருந்தது. அமைப்பை, ஒலியை மாற்றாமல் அப்படியே அனுப்பும் ‘பாஸ்த்ரூ’ ஆக்கி, டிவி, ரிசீவர் இரு பக்கமும் ஏஆர்சி (டிவியின் ஒலியை ரிசீவருக்கு அனுப்பும் வழி) என்று குறிக்கப்பட்ட போர்ட்டுகளில் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகியதும் முகப்பில் 5.1 ஒலிக்கான டால்பி டிஜிட்டல் என்று வந்தது. பேஸ் குறைந்ததற்கும் காரணம் எளியது. முன்பக்க இடது ஸ்பீக்கரில் சிவப்பு, கறுப்பு முனைகளுக்கான வயர்கள் இடம் மாறியிருந்தன. அப்படி மாறினால் ஒரு ஸ்பீக்கர் காற்றை முன்னே தள்ளும் நேரத்தில் மற்றது பின்னே இழுப்பதால், தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. வயரைச் சரியாக மாற்றியதும் பழைய சப்வூஃபரே போதுமானதாக இருந்தது.

என்னை மிகவும் கோபப்படுத்தியது வேறு ஒன்று. பில்லில் ‘காலிப்ரேஷன்’ (அறைக்கு ஏற்ப ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் ஒலி அளவையும் மைக் வைத்து அளந்து சரிசெய்வது) என்று தனியாக ஒரு கட்டணம் வாங்கியிருந்தார். ஆனால் அதற்கென ரிசீவருடன் வந்த மைக், பெட்டிக்குள் ஒட்டிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் கிடந்தது. மெனுவில் ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரமும் கம்பெனியிலிருந்து வந்த அளவிலேயே இருந்தது.

சுவருக்குள் போன வயரிலும் மோசடிதான். பில்லில் சுத்தச் செம்பு என்று எழுதியிருந்தார். டெக்னீஷியன் முனையைக் கத்தியால் சுரண்டியபோது செம்பு நிறம் உதிர்ந்து உள்ளே வெள்ளையாக அலுமினியம் தெரிந்தது. அலுமினியத்தின் மின்கடத்துத் திறன் செம்பில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான். வளைத்தால் எளிதில் முறியவும் செய்யும். ஆகவே சுவரைப் பூசுவதற்கு முன்பே உங்கள் கண்ணெதிரில் வயரைச் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள். ரிசீவரிலேயே உள்ள டெஸ்ட் டோனை (சோதனை ஒலி) ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் தனித்தனியாகக் கேட்டு, 5.1 ஒலியுள்ள ஒரு படத்தை ஓடவிட்டு முகப்பில் என்ன வருகிறது என்றும் பார்த்த பிறகே மீதித் தொகையைக் கொடுங்கள். நேர்மையாக வேலை செய்தவர் இதற்குத் தயங்க மாட்டார்.

சுரண்டிய வயரின் படத்தை அனுப்பிய பிறகு, அவர் வயருக்கான பணத்தை மட்டும் திருப்பித் தந்தார். சுவரை உடைத்துப் புதிய வயர் போடும் செலவை ஏற்கவும், காலிப்ரேஷன் கட்டணத்தைத் திருப்பித் தரவும் மறுத்துவிட்டார்.