பெரிய நன்னீர் மீனுக்கு எந்தத் தூண்டில்: ஸ்பின்னிங்கா மல்டிபிளையரா, பிரெய்டா நைலானா?

தாய்லாந்து, உகாண்டா, கயானா என்று பெரிய மீன் தேடிக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது "இந்தக் கழி எத்தனை கிலோ தாங்கும்?" என்பதைத்தான். அதை அப்புறம் பார்க்கலாம். மாட்டிய மீன் எந்தப் பக்கம் ஓடும், தண்ணீருக்கு அடியில் என்ன கிடக்கிறது, அதன் வாய் எப்படிப்பட்டது, இந்த மூன்றும் தெரிந்தால் பாதித் தேர்வு முடிந்த மாதிரி.

பாங்காக்கின் பங்சம்ரான் ஏரியில் மாட்டும் மெகாங் ராட்சதக் கெளுத்திக்கு, வளர்ந்த பிறகு பல்லே கிடையாது. ரொட்டி, தவிடு என்று பிசைந்து வைக்கும் மாவுக்கு வரும், மாட்டியதும் நேராக நீண்ட ஓட்டம் எடுக்கும். உகாண்டாவில் மர்ச்சிசன் அருவிக்குக் கீழே நைல் பெர்ச் பிடிப்பது வேறு கதை: பாறை, சுழல், துள்ளித் தலையை உதறும் மீன், உப்புத்தாள் போல நரம்பை (தூண்டில் இழையை) தேய்க்கும் வாய். காங்கோவின் கோலியாத் டைகர் மீனுக்கோ பல்தான் பிரச்சினை, அங்கே முள்ளுக்கு முன்னால் எஃகுக் கம்பி இல்லாமல் போகவே கூடாது. இந்த மூன்றுக்கும் ஒரே செட் போதும் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

நரம்பைச் சுற்றி வைக்கும் ரீலில் இருந்து ஆரம்பிப்போம். மல்டிபிளையரில் ஸ்பூல் (நரம்பு சுற்றிய உருளை) தானே சுழலும், நரம்பு நேராக அதில் ஏறுகிறது; ஸ்பூல் சுழலாத ஸ்பின்னிங் ரீலில் ஒரு சின்ன உருளையில் திரும்பி ஏறுகிறது. கனமான மீனை அடியிலிருந்து கிளப்பும்போது இந்த வித்தியாசம் கையிலேயே தெரியும். படகிலிருந்தோ மேடையிலிருந்தோ இரை போட்டுக் காத்திருக்கும் மீன்பிடிப்புக்கு என் ஓட்டு மல்டிபிளையருக்குத்தான். ஆனால் நாள் முழுக்கப் பொய் இரை வீச வேண்டும், எதிர்க்காற்று வேறு, பழக்கமும் குறைவு என்றால் அதே மல்டிபிளையர் நரம்பைக் குருவிக்கூடாக்கி உட்கார வைத்துவிடும். அங்கே ஸ்பின்னிங் நிம்மதி. ஒரே ஒரு ரீல்தான் கொண்டுபோக முடியும் என்றாலும் ஸ்பின்னிங்கையே எடுப்பேன், ஆனால் ஒரு எச்சரிக்கை: மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடும்போது கைப்பிடியைச் சுற்றாதீர்கள். 5:1 ரீல் (கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ரீல் ஐந்து சுற்று நரம்பைச் சுற்றுவது) என்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் நரம்பில் ஐந்து முறுக்கு ஏறும், கொஞ்ச நேரத்தில் அது தானாகவே சுருண்டு முடிச்சு விழ ஆரம்பிக்கும்.

டிராக் என்பது ரீலின் பிரேக், வைத்த அளவுக்கு மேல் மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும். பெட்டியில் '20 கிலோ டிராக்' என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். நரம்பின் பலத்தில் நாலில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்று வரை டிராக் வைப்பதுதான் வழக்கம், 30 கிலோ நரம்புக்கு ஏறத்தாழ 8 முதல் 10 கிலோ. ஒரு சுருள் தராசில் நரம்பைக் கட்டி, கழியை வளைத்து 10 கிலோ இழுத்துப் பாருங்கள், 20 கிலோவைப் பற்றிய ஆசை உடனே போய்விடும். எவ்வளவு இறுக்க முடியும் என்பதை விட, சூடேறின பிறகும் விக்காமல் வழுக்குகிறதா என்பதுதான் முக்கியம். அதற்குக் கார்பன் வாஷர் உள்ள டிராக் நல்லது.

நரம்பு விஷயத்தில்தான் சண்டை அதிகம். பிரெய்டு என்பது மெல்லிய இழைகளைப் பின்னிச் செய்த நரம்பு, நைலான் ஒரே இழை. அதே பலத்துக்குப் பிரெய்டின் விட்டம் நைலானில் ஏறக்குறைய பாதி, அதனால் ஒரே ஸ்பூலில் நாலு மடங்கு நீளம் அடங்கும். பிரெய்டு இழுபடாது, கயானாவின் ராட்சத மீனான அரப்பைமாவின் எலும்பு வாயில் தூரத்திலிருந்து முள்ளை ஏற்ற இது பெரிய உதவி. நைலான் ரப்பர் மாதிரி இழுபட்டு, முள்ளை ஏற்றக் கழியை வெடுக்கென்று இழுக்கும் வேகத்தைத் தின்றுவிடும். ஆனால் இறுக்கத்தில் இருக்கும் பிரெய்டு பாறையில் ஒரு தடவை உரசினால் போதும், அறுந்துவிடும், நைலான் தேய்ந்தாவது கொஞ்ச நேரம் தாங்கும். ஆகவே நான் பிரெய்டை ஸ்பூலில் சுற்றி, முனையில் சில மீட்டருக்கு 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள நைலானைக் கட்டுவேன். பிரெய்டு சுற்றும் முன் அடியில் கொஞ்சம் நைலான் சுற்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மொத்த நரம்பும் ஸ்பூலில் வழுக்கிச் சுற்றும், டிராக் கெட்டுப்போச்சு என்று நினைத்து ரீலைப் பிரிப்பீர்கள்.

கழிக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். ஒரே துண்டுக் கழி வளைவில் இன்னும் நேர்த்திதான், ஆனால் இரண்டு மீட்டர் குழாயை மாற்று விமானத்தில் ஏற்றும் தலைவலியை நினைத்தால் மூன்று, நாலு துண்டுக் கழியே சரி. வீச வீச இணைப்பு தளரும், அவ்வப்போது இறுக்கிக்கொள்ளுங்கள்.

முள்ளில் மட்டும் காசு பார்க்காதீர்கள். இரை வைத்துப் பிடிக்க வட்ட முள், அது பெரும்பாலும் வாய் ஓரத்திலேயே மாட்டும், ஆனால் கழியை வெடுக்கென்று தூக்கினால் இரையோடு வெளியே வந்துவிடும், மெதுவாக இறுக்கத்தைக் கூட்ட வேண்டும். சாதாரண வளைவு முள்ளில் இதற்கு நேர்மாறு, வெடுக்கென்று இழுக்காமல் ஏறாது, தாமதித்தால் மீன் விழுங்கியும் விடும். பொய் இரைகளோடு வரும் மும்முள்ளும் வளையமும் நைல் பெர்ச் மாதிரி மீனிடம் நிமிர்ந்துவிடலாம், கிளம்பும் முன்பே தடித்தவையாக மாற்றிவிடுங்கள்.

லேசான செட்டில் பெரிய மீனை நீண்ட நேரம் விளையாட விடுவதை வீரமாகச் சொல்கிறவர்களும் உண்டு. வெப்ப நாட்டில் அது மீனுக்குச் செய்யும் கொடுமை. 10 டிகிரி நன்னீரில் லிட்டருக்கு 11 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரை அளவுதான். மேலே வந்து காற்றை விழுங்கினால்தான் அரப்பைமாவுக்கு மூச்சு, களைத்துப்போனால் விட்ட பிறகும் மூழ்கி இறந்துபோகலாம். திருப்பி விடுகிற எண்ணம் இருந்தால் கனமான செட்டையே எடுங்கள், முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் அமுக்கிவிடுங்கள், கழற்றுகிற நேரமும் குறையும்.