பாறைக்குள் ஒரு பப்: நொட்டிங்ஹாமின் ‘யே ஓல்ட் ட்ரிப் டு ஜெருசலம்’

இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரில், கோட்டை நிற்கும் மணற்பாறையின் அடிவாரத்தில், பாறையோடு ஒட்டிக் கட்டப்பட்ட ‘யே ஓல்ட் ட்ரிப் டு ஜெருசலம்’ என்ற பப்பின் வெள்ளைச் சுவரில், தொலைவிலிருந்தே படிக்கும்படி 1189 என்ற ஆண்டு எழுதப்பட்டிருக்கிறது. இங்கிலாந்து மன்னன் ‘சிங்கநெஞ்சன்’ ரிச்சர்ட் முடிசூடிய ஆண்டு அது. சிலுவைப் போருக்குப் புறப்பட்ட வீரர்கள் ஜெருசலம் போகும் வழியில் இங்கே இளைப்பாறிக் குடித்தார்கள் என்பது கதை. அதை நிறுவும் ஆவணம் எதுவும் இல்லை. இன்று நிற்கும் கட்டடத்தின் பழைய பகுதிகள் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இந்தப் பெயருக்கான சான்று 1799 அளவில்தான் கிடைக்கிறது, அதற்கு முன் இது ‘பில்கிரிம்’ என்று அழைக்கப்பட்டது. இதே நகரத்தில் ‘பெல்’, ‘சல்யூட்டேஷன்’ என்ற வேறு இரண்டு பப்புகளும் தாங்களே மூத்தவை என்று உரிமை கோருகின்றன. சுவரிலுள்ள எண்ணுக்காக மட்டும் இங்கே வருபவர்கள் ஒரு புகைப்படத்தோடு திரும்பிப் போகிறார்கள். இந்நகரில் வளர்ந்தவன் என்ற முறையில், இந்த பப்பை நான் மனமாரப் பரிந்துரைப்பதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது காரணம் பாறை. நொட்டிங்ஹாம் நகரம் மென்மையான மணற்பாறையின் மேல் அமைந்திருப்பதால், கையில் கிடைத்த எளிய கருவிகளைக் கொண்டே மக்கள் நூற்றாண்டுக்கணக்கில் அதைக் குடைந்து வீடாகவும் களஞ்சியமாகவும் தோல் பதனிடும் இடமாகவும் பயன்படுத்தினார்கள். இதுவரை கண்டறியப்பட்ட குகைகள் 800க்கும் மேல். கோட்டைக்கு வேண்டிய பியர் இந்தப் பாறையடியில் வடிக்கப்பட்டது என்பதைப் பக்கத்து வளவின் ‘புரூஹவுஸ் யார்ட்’ என்ற பெயரே இன்றும் சொல்கிறது. மாடியிலுள்ள பாறை அறையில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தால், கூரை என்று ஒன்று இல்லாமல் பாறை குறுகிக்கொண்டே மேலே போவது தெரியும். வெளியே கோடை வெயில் கொளுத்தினாலும் உள்ளே அதன் சூடு எட்டுவதில்லை. குகையின் இந்த மாறாத குளிர்ச்சிதான் பியருக்கும் உகந்தது. இங்கிலாந்தின் பாரம்பரிய ஏல் பியர் பீப்பாய்க்குள் வந்த பிறகும் நொதித்துக்கொண்டே இருப்பது. அதைக் கைப்பம்பால் இறைத்து, பனிக்கட்டிக் குளிரில் அல்லாமல் நிலவறைக் குளிரில் பரிமாற வேண்டும். குளிரூட்டிய லாகர் பியருக்குப் பழகிய நம்மவர்கள் முதல் மடக்கில் முகம் சுளிப்பதுண்டு. அவசரப்படாமல் பாதிக் குவளையாவது குடித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். முளைகட்டிய தானியமான மால்ட்டின் இனிப்பும் ஹொப் பூவின் கசப்பும் தனித்தனியாக நாவில் தெரிவது அந்த மிதமான குளிரில்தான்.

பியரைப் பற்றி ஒரு குறை சொல்லவேண்டியிருக்கிறது; அது இந்த பப்பைப் பற்றியது அல்ல, காலத்தைப் பற்றியது. என் இளமைக்கால நொட்டிங்ஹாமில் ஹோம் ஏல்ஸ், ஷிப்ஸ்டோன்ஸ், கிம்பர்லியில் இருந்த ஹார்டீஸ் அண்ட் ஹான்சன்ஸ் என்று மூன்று வடிசாலைகள் இருந்தன. ஒவ்வொருவருக்கும் அவற்றில் ஒன்றின் மீது அசைக்கமுடியாத பற்று இருந்தது. முதல் இரண்டும் 1990களில் மூடப்பட்டன. ‘ட்ரிப்’ பப்பின் உரிமையாளராக இருந்த கிம்பர்லி நிறுவனத்தை 2006இல் கிரீன் கிங் என்ற பெரிய வடிசாலை நிறுவனம் வாங்கிக்கொண்டதும் அங்கும் வடிப்பது நின்றது. ஆகவே பரிமாறப்படும் பியர் நன்றாகவே இருந்தாலும், அது அந்த மூன்றில் எதன் சுவையும் அல்ல என்பதை என்னைப் போன்றவர்களின் நாக்கு உடனே சொல்லிவிடுகிறது.

என் தந்தையார் நகரின் லென்டன் பகுதியில் இருந்த றலி சைக்கிள் தொழிற்சாலையில் வேலை செய்தவர். யாழ்ப்பாணத்தில் என் பாட்டனார் ஓட்டிய சைக்கிளின் முன்புறத்தில் நாரையின் தலை பொறித்த சின்னமும், அதில் நொட்டிங்ஹாம் என்ற ஊர்ப்பெயரும் இருந்தன. சிறுவயதில் தேங்காயெண்ணெய் தொட்டு அதைத் துடைத்துப் பளபளப்பாக்கும் வேலை தந்தையாருடையது. பின்னாளில் அந்தச் சின்னம் பொருத்தப்படும் ஊருக்கே அவர் வேலைக்கு வந்து சேர்ந்தார். றலி தெருவில் ஒரு சிறு பட்டறையாக இருந்ததை 1887இல் ஃபிராங்க் போடன் வாங்கி வளர்த்தெடுத்த அந்த நிறுவனம், 1950களில் ஆண்டுக்குப் பத்து இலட்சத்துக்கும் அதிகமான சைக்கிள்களைச் செய்தது. அதே ஊரில்தான் ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனத்தின், பின்சக்கரத்தின் நடுவில் பொருந்தும் மூன்று கியர் அச்சுக்கூடும் செய்யப்பட்டது. மிதிக்காமல் உருளும்போது பின்சக்கரத்திலிருந்து சீராக எழும் அந்த டிக் டிக் ஒலி, எங்கள் தெருவில் வேலை முடிந்து ஆட்கள் வீடு திரும்புகிறார்கள் என்பதற்கான அறிவிப்பு. அந்த அச்சுக்கூட்டின் எஃகு ஓட்டில், அது செய்யப்பட்ட ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணை எவரும் சந்தேகிக்கத் தேவையில்லை. ‘ட்ரிப்’ பப்பின் சுவரில் உள்ள எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் இந்த எண்தான் என் நினைவுக்கு வருகிறது. எனக்குப் பெருமை தருவதும் இதுவே.

தொழிற்சாலையைச் சுற்றி லென்டனிலும் ராட்ஃபர்டிலும் இருந்த சிறிய பப்புகளில்தான் தந்தையாரும் அவருடன் வேலை செய்தவர்களும் வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடுவார்கள். ஆளுக்கொரு முறை எல்லோருக்கும் வாங்கிக் கொடுக்கும் ‘ரவுண்ட்’ வழக்கம், ஜமேக்காவிலிருந்து வந்தவரையும் போலந்திலிருந்து வந்தவரையும் யாழ்ப்பாணத்தவரையும் ஒரே மேசையில் சமமாக உட்காரவைத்தது. மொழி தட்டுத்தடுமாறினாலும் தன் முறை வரும்போது எழுந்து போய் வாங்கி வருபவனை எவரும் அந்நியனாக நினைக்கவில்லை என்று தந்தையார் சொல்லுவார். சைக்கிள் பொருத்தும் வேலை 2002இல் நொட்டிங்ஹாமை விட்டுப் போனது. தொழிற்சாலை நிலத்தின் ஒரு பகுதியில் 1999இலேயே பல்கலைக்கழகத்தின் ஜூபிலி வளாகம் எழுந்துவிட்டது. வேலை போனதும் அந்தச் சிறிய பப்புகளில் பலவும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. அவற்றில் பேசப்பட்ட பேச்சு இன்று எங்கே கேட்கும் என்று தேடுபவனுக்கு, உல்லாசப் பயணிகள் மொய்க்கும் இந்தப் பழைய பப்பே மிஞ்சியிருக்கிறது என்பது எனக்கும் வியப்புத்தான். ஆனால் வாரநாள் பிற்பகலில், பயணிகள் குறைந்த நேரத்தில், கீழ்த்தளத்தின் சிறிய அறைகளில் அமர்ந்திருக்கும் முதியவர்களில் ஒருவரிடம் றலி என்று ஒரு சொல் சொல்லிப் பாருங்கள். எந்தப் பிரிவில் யார் யாருடைய மேற்பார்வையில் வேலை செய்தார்கள் என்பதில் தொடங்கும் பேச்சு, உங்கள் குவளை காலியான பிறகும் முடியாது.

அந்தப் பேச்சு நிச்சயமாக உதைபந்தாட்டத்துக்கு வந்து சேரும். இந்நகரில் அந்த விளையாட்டும் பப்பும் ஒன்றோடொன்று பிறந்தவை. நொட்டிங்ஹாம் ஃபொரஸ்ட் கழகம் 1865இல் ஷேக்ஸ்பியர் தெருவிலிருந்த ‘கிளின்டன் ஆர்ம்ஸ்’ பப்பில் நடந்த கூட்டத்தில்தான் தொடங்கப்பட்டது. இத்தாலிய வீரர் கரிபால்டியின் படையினர் அணிந்த சிவப்பே அணியின் நிறம் என்று முடிவு செய்து, அக்கூட்டம் ஒரு டசின் சிவப்புத் தொப்பிகளை வாங்கத் தீர்மானித்தது. ட்ரென்ட் ஆற்றின் மறுகரையில் உள்ள நொட்ஸ் கவுண்டி அதற்கும் மூத்தது. 1862இல் தொடங்கிய அதுவே உலகின் மிகப் பழைய தொழில்முறை உதைபந்தாட்டக் கழகம். இத்தாலியின் யுவென்டஸ் அணி இன்றும் அணியும் கறுப்பு வெள்ளைப் பட்டைச் சட்டை, 1903இல் இங்கிருந்து அனுப்பப்பட்ட கவுண்டியின் சட்டையிலிருந்து வந்தது. மதுச்சாலை ஒன்றில் ஒரு யுவென்டஸ் ஆதரவாளரைச் சந்திக்கும் எந்தக் கவுண்டி ஆதரவாளரும் இதைச் சொல்லாமல் விடமாட்டார், விடவும் கூடாது.

பிரையன் கிளஃப் 1975இல் அணியின் மேலாளராகப் பொறுப்பேற்றபோது ஃபொரஸ்ட் இரண்டாம் பிரிவில் இருந்தது. 1977இல் முதல் பிரிவுக்கு ஏறி, மறு ஆண்டே அதை வென்று, 1979இல் மியூனிக்கில் மால்மோ அணியையும் 1980இல் மட்ரிட்டில் ஹம்பர்க் அணியையும் ஒன்றுக்குப் பூச்சியம் என்று வீழ்த்தி ஐரோப்பியக் கிண்ணத்தை இரண்டு முறை கொண்டுவந்தது. கோலடித்தவர்கள் முதலாவதில் ட்ரெவர் ஃபிரான்சிஸ், இரண்டாவதில் ஜோன் ராபர்ட்சன். இந்த வரிசையை எங்கள் தலைமுறையில் பாடசாலைச் சிறுவர்கள் வாய்ப்பாட்டுக்கு முன் கற்றுக்கொண்டார்கள். என்னைப் போன்ற நிறமுள்ள பிள்ளைகளுக்கு அந்த அணியில் இன்னொரு பிடிப்பும் இருந்தது. ஃபொரஸ்ட்டின் வலப்பக்கத் தற்காப்பு வீரர் விவ் ஆண்டர்சன், 1978இல் இங்கிலாந்தின் முழு அணிக்காக விளையாடிய முதல் கறுப்பின வீரரானார். அவர் இந்நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவர் என்பது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இன்றைய இளைஞர்களுக்கு விளக்குவது கடினம்.

அக்காலத்தில் சனிக்கிழமையின் ஒழுங்கு சட்டத்தால் வகுக்கப்பட்டது. 1988 வரை பப்புகள் பிற்பகலில் மூடியிருக்க வேண்டும். ஆகவே ஆட்டத்துக்கு முன் குடிப்பவர்கள் மதியத்திலேயே குடித்து முடித்து, மூன்று மணி ஆட்டத்துக்கு நடந்து போய், முடிந்து திரும்பினால் மாலை ஐந்தரை மணியளவில் கதவு திறக்கும்வரை வெளியே நின்று ஆட்டத்தை மீண்டும் ஒருமுறை வாயாலேயே ஆடி முடிப்பார்கள். 14 வயதுக்குட்பட்டவர்கள் மதுக்கூடத்துக்குள் நுழையவும் சட்டம் இடம் கொடுக்கவில்லை. தந்தையாருடன் கோட்டைப் பக்கம் வந்த நாட்களில் எனக்குக் கிடைத்தது வெளிமுற்றமும், ஒரு போத்தல் எலுமிச்சைச் சோடாவும், ஒரு பாக்கெட் உருளைக்கிழங்குப் பொரியலும்தான். ஆனால் காத்திருந்த அந்தக் கூட்டத்தின் நடுவில் நான் கேட்ட ஆட்ட விமர்சனங்களுக்கு இணையாக இன்றைய தொலைக்காட்சி நிபுணர்கள் எவரிடமும் எதையும் கேட்டதில்லை. 2007இல் புகைத்தடை வந்த பிறகு உள்ளே காற்றும் சுத்தமாகிவிட்டது. பழையது எல்லாம் நல்லது என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை.

உணவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பை, மீனும் சிப்ஸும், ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட் என்று ஆங்கிலேய பப் ஒன்றில் எதிர்பார்ப்பவையே கிடைக்கும். பசிக்கு நல்லவை, இதற்காகவே பயணம் செய்யத் தேவையில்லை. மாடிப் படிகள் குறுகலானவை, ஏற்ற இறக்கமானவை. முழங்கால் நோவுள்ள பெரியவர்களைக் கீழ்த்தளத்திலேயே உட்காரவைப்பது நல்லது. தூசி படிந்த ஒரு சிறிய பாய்க்கப்பல் மாதிரியைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். அதைத் துடைத்தவர்கள் இறந்துபோனார்கள் என்று ஒரு கதை உண்டு. பிள்ளைகள் விரும்பிக் கேட்பார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது, சுவரில் பதித்த காளைக்கொம்பில், கூரையிலிருந்து கயிற்றில் தொங்கும் வளையத்தை வீசி மாட்டும் பழைய விளையாட்டு. பார்க்க எளிது, வளையத்தை நேராக எறிந்தால் விழாது, பக்கவாட்டில் ஒரு வட்டமடிக்கவிட்டால்தான் கொம்பைத் தேடி வரும்.

ஆட்ட நாளில் போவதானால் சைக்கிளில் போங்கள். பப்பிலிருந்து சிறிது தூரத்தில் கால்வாய்க்கரைப் பாதை கிடைக்கும். அதைப் பிடித்துக் கிழக்கே போனால், கால்வாய் ட்ரென்ட் ஆற்றில் கலக்கும் இடத்தில் கவுண்டியின் மெடோ லேன் மைதானம். பாலத்தைக் கடந்தால் ஃபொரஸ்ட்டின் சிட்டி கிரவுண்ட். இங்கிலாந்தில் இவ்வளவு அருகருகே இருக்கும் இரண்டு தொழில்முறைக் கழகங்கள் வேறு இல்லை. 2019இல் லீக்கிலிருந்தே வெளியேறிய கவுண்டி 2023இல் திரும்பி வந்துவிட்டது, ஃபொரஸ்ட்டும் 23 ஆண்டுகளுக்குப் பிறகு 2022இல் பிரீமியர் லீக்குக்குத் திரும்பியது. ஆகவே இரு கரைகளிலும் இப்போது முகங்கள் மலர்ந்திருக்கின்றன. பியரை ஆட்டம் முடிந்து சைக்கிளைப் பூட்டிய பிறகு வைத்துக்கொள்வது நல்லது. குடித்துவிட்டு சைக்கிள் ஓட்டுவதும் இங்கே சட்டப்படி குற்றம். ‘ட்ரிப்’ பப்பில் ஒன்று குடித்த பின், உள்ளூரிலேயே வடித்த பியரின் சுவையையும் அறிய விரும்புபவர்கள், சைக்கிளை உருட்டியபடி ரயில் நிலையத்தை அடுத்த ‘வட் அண்ட் ஃபிடில்’ பப்புக்கு நடந்து செல்லலாம். அதன் அருகிலேயே காசில் ரொக் வடிசாலை இருக்கிறது. அவர்களுடைய ‘ஹார்வெஸ்ட் பேல்’ 2010இல் பிரித்தானியாவின் சிறந்த பியராகத் தெரிவுசெய்யப்பட்டது, ஒரு பைன்ட் கேட்டுப் பாருங்கள்.